எல்லை கடந்த ஜீவனாம்சப் பாக்கி

சென்ற மாசித் திங்களில் நம் சங்கத்தின் விலாசத்திற்கு ஒரு கடிதம் வந்தது. எழுதியவர் வேலூர்ப் பக்கத்துக் கிராமத்தைச் சேர்ந்த ஓர் அம்மையார். இரு குழந்தைகளுக்கும் சேர்த்து மாதம் 4,000 ரூபாய் ஜீவனாம்சம் தரவேண்டுமென்று அவ்விடத்து மாஜிஸ்டிரேட்டு உத்தரவிட்டு மூன்று ஆண்டுகள் ஆகின்றன. கணவர் வேலை மாறி நாக்பூருக்கு வந்தபின் ஒரு காசும் போய்ச் சேரவில்லை. அவருடைய இருப்பிடம் நமக்குத் தெரியுமா என்பதே அம்மையாரின் கேள்வி.

தெரியும். பொங்கல் விழாவில் நம்மோடு பந்தியில் அமர்ந்து உண்டவர்தான். கடிதத்தைப் படித்த அன்பர் ஒருவர், “குடும்பச் சண்டையில் நமக்கென்ன வேலை?” என்றார். மற்றொருவர், “தமிழ்நாட்டுக் கோர்ட்டு உத்தரவு மகாராஷ்டிரத்தில் செல்லாது” என்று அடித்துக் கூறினார்.

அது பிழை. 2024 ஜூலை 1 முதல், பழைய 125-ஆம் பிரிவின் இடத்தில் புதிய குடிமக்கள் பாதுகாப்புச் சட்டத்தின் 144-ஆம் பிரிவு நிற்கிறது. அதே சட்டத்தின் 147-ஆம் பிரிவின்படி, உத்தரவின் நகல் இலவசமாகக் கிடைக்கவேண்டும். பணம் தரவேண்டியவர் எங்கே இருக்கிறாரோ அங்குள்ள மாஜிஸ்டிரேட்டே அதை நிறைவேற்றலாம். ஆள் இன்னார் என்பதும், தொகை செலுத்தப்படவில்லை என்பதும் அவருக்குத் திருப்தியாக விளங்கினால் போதும். ஆள் இன்னார், இருப்பிடம் இன்னது என்று சொல்ல இவ்வூரில் நம்மைத் தவிர யார் உளர்? முதல் அன்பருக்கு இதுவே நமது விடை.

நிற்க. சம்பளப் பட்டியல் எழுதிப் பழகிய கையாதலால் கணக்கையும் போட்டுப் பார்த்தோம். 36 மாதப் பாக்கி 1,44,000 ரூபாய். ஆனால் ஒரு மாதத்துத் தொகை சேரவேண்டிய நாளிலிருந்து ஓராண்டுக்குள் மனுச் செய்தால்தான் அதற்கு வாரண்டு பிறக்கும். ஆகவே இன்று வாரண்டுக்கு உரியது 48,000 ரூபாய் மட்டுமே. எஞ்சிய 96,000 ரூபாய் அழிந்துவிடவில்லை. ஓராண்டு வரம்பு கைது செய்யும் வழிக்கே உரியது, சிவில் வழியில் வசூலிக்கும் உரிமை நிற்கிறது என்று 2013-இல் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது. எனினும் அது நீண்ட வழி. காத்திருக்கும் ஒவ்வொரு மாதமும் 4,000 ரூபாய் எளிய வழியினின்று நழுவுகிறது. பொறுமையே உருவான நம் பெண்களுக்கு இச்செய்தி எட்டுவதில்லை.

வாரண்டுக்குப் பின்னும் தராவிடில், ஒவ்வொரு மாதப் பாக்கிக்கும் ஒரு மாதம் வரை சிறை விதிக்கலாம். சிறை சென்றதால் கடன் தீராது; இது 1988-லேயே உச்ச நீதிமன்றம் உரைத்தது. வக்கீலுக்குப் பணம் ஏது எனில், 1987-ஆம் ஆண்டுச் சட்டப்படி பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருமானம் பாராமல் இலவச சட்ட உதவி உண்டு. ஜில்லா கோர்ட்டிலுள்ள சட்டப் பணிகள் குழுவில் கேட்கவேண்டும்.

விலாசத்தை எழுதி அனுப்பினோம். அம்மையார் ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் பிரயாணம் செய்து இங்கு வந்து மனுக் கொடுத்தார். இரண்டு இரவுகள் நம் வீட்டில் தங்கினார். பந்தியில் உடன் உண்டவர் இப்போது நம்மோடு பேசுவதில்லை. முதல் வாய்தா வருகிற திங்கட்கிழமை.