வகுப்பறைக்கு வந்த நாய்

"பள்ளிக்கூடத்திற்குள் நாயை விடலாமா?" என்று கேட்டால் நம்மவர்களில் பெரும்பாலோர், "முதலில் கதவைச் சாத்துங்கள்!" என்றுதான் சொல்வார்கள். நானும் அந்தக் கட்சியைச் சேர்ந்தவனே. ஒன்பதாம் வயதில், எங்கள் தஞ்சாவூர்த் தெருவில் ஒரு நாய் என் கணுக்காலைக் கவ்வியது. அதற்காகப் பலமுறை ஆஸ்பத்திரிக்கு நடந்து ஊசி போட்டுக்கொண்டேன். அன்று முதல் நாயைக் கண்டால் எதிர்ச்சாரிக்குப் போய்விடுவேன். அப்படிப்பட்டவன் நாயைப் பற்றி எழுத வந்தானென்றால் காரணம் இல்லாமல் இருக்குமா? அதைக் கடைசியில் சொல்லுகிறேன்.

அமெரிக்காவில் பிளாரிடா மாநிலத்தில் பார்க்லண்ட் என்று ஓர் ஊர். அங்குள்ள மார்ஜரி ஸ்டோன்மன் டக்ளஸ் உயர்நிலைப் பள்ளியில் 2018ஆம் ஆண்டு பிப்ரவரி 14ஆம் தேதி பழைய மாணவன் ஒருவன் துப்பாக்கியுடன் புகுந்து 17 பேரைச் சுட்டுக் கொன்றான். மாண்டவர்களில் 14 பேர் மாணவர்கள். இரண்டு வாரங்கள் கழித்துப் பள்ளி திறந்தது. பிழைத்த பிள்ளைகள் அதே வளாகத்திற்குள் மறுபடியும் கால் வைக்க வேண்டும். அவர்களுக்குத் தைரியம் சொல்ல மனநல ஆலோசகர்கள் வந்தார்கள். அவர்களோடு பயிற்சி பெற்ற நாய்களும் வந்தன. வந்தவை ஒரு நாளோடு திரும்பிவிடவில்லை. 2020ஆம் ஆண்டில் அப்பள்ளி வெளியிட்ட ஆண்டு மலரில், மாணவர் படங்களோடு 14 நாய்களின் படங்களும் இடம் பெற்றன என்றால், அவை பிள்ளைகளுக்கு எவ்வளவு நெருங்கியவை என்பது விளங்கும்.

இவற்றைச் சிகிச்சை நாய்கள் என்கிறார்கள். கண்ணிழந்தவருக்கு வழிகாட்டும் நாய் வேறு. அது தன் எஜமானர் ஒருவருக்கே ஊழியம் செய்வது. சிகிச்சை நாயோ தன் எஜமானரோடு சென்று பிறருக்கு ஆறுதல் தருவது. அதற்கு வித்தை எதுவும் தெரிய வேண்டியதில்லை. நல்ல சுபாவம் வேண்டும். திடீரென்று சத்தம் கேட்டால் மிரளக்கூடாது. முன்பின் தெரியாதவர் தடவினால் சீறக்கூடாது. இவற்றையெல்லாம் சோதித்த பிறகே அனுமதிக்கிறார்கள்.

இந்த யோசனையை உளநூல் உலகத்திற்கு முறையாக எடுத்துச் சொன்னவர் போரிஸ் லெவின்சன் என்ற நியூயார்க் அறிஞர். யாரோடும் ஒட்டாத ஒரு சிறுவனைத் தாயார் அவரிடம் அழைத்து வந்தாள். குறித்த நேரத்திற்கு முன்பே வந்துவிட்டதால் அவருடைய வளர்ப்பு நாய் ஜிங்கிள்ஸ் அறையிலேயே இருந்தது. அது ஓடிப்போய்ச் சிறுவனை நக்கியது. பையன் பயப்படவில்லை, அதைக் கட்டிக்கொண்டான்! தொடக்கத்தில் நாயோடு மட்டுமே விளையாடியவன், நாளடைவில் அந்த விளையாட்டில் டாக்டரையும் சேர்த்துக்கொண்டான். லெவின்சன் இதைச் சொன்னபோது சக அறிஞர்கள் சிலர் நகைத்தார்கள். ஆயினும் அவர் தளராமல், தம் அனுபவத்தை 1962இல் கட்டுரையாகவும் 1969இல் நூலாகவும் வெளியிட்டார்.

கதை இருக்கட்டும், உடம்புக்குள் என்ன நடக்கிறது? உயிர் ரசாயனம் பயிலும் எனக்கு இந்தக் கேள்விதான் சுவையானது. அச்சமும் கவலையும் மிகும்போது சிறுநீரகத்தின் மேல் தொப்பிபோல் அமர்ந்திருக்கும் சுரப்பி, கார்டிசால் என்னும் பொருளை இரத்தத்தில் கலக்கிறது. அதன் ஒரு பங்கு உமிழ்நீரிலும் வரும். ஆகவே ஊசி குத்தாமலே அளக்கலாம். வாஷிங்டன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் 249 மாணவர்களை நான்கு பிரிவாக்கிச் சோதித்தார்கள். ஒரு பிரிவினர் பத்து நிமிஷம் நாய்களையும் பூனைகளையும் தடவிக் கொடுத்தார்கள்; மற்றொரு பிரிவினர் அதைப் பார்த்துக்கொண்டு காத்திருந்தார்கள்; இன்னொரு பிரிவினர் அப்பிராணிகளின் படங்களை மட்டும் பார்த்தார்கள்; நான்காம் பிரிவினர் சும்மா இருந்தார்கள். தொட்டுத் தடவியவர்களிடமே கார்டிசால் குறைந்து காணப்பட்டது. 2019இல் வெளியான முடிவு இது. நாயும் எஜமானரும் ஒருவரையொருவர் உற்றுப் பார்க்கையில், தாய்க்கும் சேய்க்கும் பாசத்தை வளர்க்கும் ஆக்சிடோசின் இருவரிடமும் கூடுகிறது என்று ஜப்பானிய ஆராய்ச்சியாளர்கள் 2015இல் எழுதினார்கள். மனிதர் வளர்த்த ஓநாய்களிடம் அந்த மாறுதல் இல்லை.

இதைக் கொண்டு நாயைச் சர்வரோக நிவாரணியாக்கிவிடக் கூடாது. பத்து நிமிஷ அமைதி ஒன்று. ஆழ்ந்த மனத்துயர் தீர்வது மற்றொன்று. வைத்தியரின் வேலையை நாய் செய்யாது. சிலருக்கு நாயின் மயிர் ஒவ்வாது. சிலருக்கு என்னைப்போல் பயம். அவர்களை வற்புறுத்தல் ஆகாது. நாய்க்கும் களைப்பு உண்டு. அதற்கும் ஓய்வு வேண்டும். நம் நாட்டில் வெறிநாய்க்கடி இன்னும் உயிரைக் குடிக்கிறது என்பதையும் மறக்கலாகாது. தெரியாத நாயைத் தொடாதீர்கள். கடித்துவிட்டால் சோப்பும் தண்ணீரும் விட்டுப் பதினைந்து நிமிஷம் கழுவி, உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

இனி என் காரணம். நான் டில்லிக்கு வந்த முதல் நவம்பர் மாதம். ஹிந்தி வராது; குளிர் தாங்காது; இடைத்தேர்வில் இரண்டு பாடங்களில் தவறிவிட்டேன். வீட்டுக்குச் சொல்லவில்லை. படிப்பை விட்டுவிடுவதென்று தீர்மானித்து, கிராண்ட் டிரங்க் எக்ஸ்பிரஸில் டிக்கெட்டும் வாங்கிவிட்டேன். அன்றிரவு விடுதிப் படிக்கட்டில் தனியே உட்கார்ந்திருந்தேன். விடுதியையே வீடாகக் கொண்ட காலூ என்ற கறுப்பு நாய் வந்து, இரண்டு படி கீழே படுத்தது. நான் விறைத்துப் போனேன். "பயப்படாதே மகனே, அதன் காதைப் பார்" என்றார் இரவுக் காவற்காரர். காது நுனி வெட்டப்பட்டிருந்தது; கருத்தடை செய்து ஊசி போட்டதற்கு அடையாளமாம். வருஷா வருஷம் மாணவர்கள் பணம் சேர்த்து மறுபடியும் ஊசி போடுகிறார்களாம். அவர் பேச, நான் உடைந்த ஹிந்தியில் பதில் சொல்ல, ஒரு மணி நேரம் போயிற்று. ஒரு வாரத்தில் நான் மனிதரோடு பேசியது அன்றுதான்! என் தோல்வியையும் அவரிடமே முதலில் சொன்னேன். காலையில் அப்பாவோடு பேசினேன். பிறகு பேராசிரியரைப் பார்த்தேன். டிக்கெட்டைத் திருப்பிக் கொடுத்தேன்.

காலூ பயிற்சி பெற்ற நாயன்று. ஆனால் ஜிங்கிள்ஸ் செய்ததைத்தான் அதுவும் செய்தது. பேச முடியாதவன் பக்கத்தில், கேள்வி கேட்காமல் வந்து இருந்தது; அதன் வழியாக ஒரு மனிதரும் வந்தார்.

ஆடி மாதம் பிறந்தால் நம் ஊர்களிலிருந்து புதியவர்கள் பெட்டியோடு வந்து இறங்குவார்கள். "என்ன மார்க்கு? எந்த ஊர்?" என்று துளைப்பதற்கு முன், சங்கத்து நண்பர்களே, ஒரு டம்ளர் டீயோடு அவர்கள் அருகில் சற்றுப் பேசாமல் உட்காருவோமா? ஒரு நாய்க்கு முடிந்தது நமக்கு முடியாதா?