தமிழ்நாட்டில் கோடைக்கால மலைப் பயணம்

கோடைக்கால மலைப் பயணம் என்பது ஏப்ரல் முதல் ஜூன் வரை சமவெளி வெயிலைத் தவிர்க்க மலைப்பகுதிகளுக்கு மேற்கொள்ளப்படும் சுற்றுலாவைக் குறிக்கும். பள்ளி விடுமுறையும் அக்னி நட்சத்திரமும் சேர்ந்து வருவதால் இப்பருவத்தில்தான் நீலகிரி, கொடைக்கானல், ஏற்காடு, ஏலகிரி, வால்பாறை ஆகிய இடங்களில் கூட்டம் மிகுதியாக இருக்கும். நெரிசல், காட்டுத்தீ, கடிக்கும் சிற்றுயிர்கள் ஆகிய மூன்றும் இப்பயணத்தின் முக்கியச் சிக்கல்கள்.

வரலாறு

1819-இல் கோயம்புத்தூர் ஆட்சியர் ஜான் சல்லிவன் நீலகிரி மலைக்குச் சென்றார். பின்னர் உதகமண்டலம் சென்னை மாகாணத்தின் கோடைக்காலத் தலைநகராயிற்று. ஆளுநரும் அதிகாரிகளும் வெயில் காலத்தில் சென்னையிலிருந்து அங்கே இடம் பெயர்ந்தனர். மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்கு 1899-இலும், உதகைக்கு 1908-இலும் மலை இரயில் ஓடத் தொடங்கியது. 2005-இல் இது யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவிக்கப்பட்டது. சென்னையிலிருந்து இரவில் புறப்படும் நீலகிரி விரைவு இரயில் காலையில் மேட்டுப்பாளையத்தை அடைந்து மலை இரயிலுக்கு இணைப்பாகிறது.

நெரிசலும் கட்டுப்பாடும்

கோடையில் நீலகிரிக்கு நாளொன்றுக்குச் சுமார் 20,000 வண்டிகள் வந்ததாகச் சென்னை உயர் நீதிமன்றத்தில் தெரிவிக்கப்பட்டது. மலைப்பாதை குறுகலானது. ஓரிடத்தில் வண்டிகள் தேங்கினால் அவசர ஊர்தியும் நின்றுவிடும். உள்ளூர் மக்களின் குடிநீருக்கும் தட்டுப்பாடு ஏற்படும். கல்லாறு போன்ற யானை வழித்தடங்களில் விலங்குகளின் நடமாட்டமும் தடைபடும்.

இதனால் நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே 7 முதல் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் இ-பாஸ் கட்டாயமாக்கப்பட்டது. 2025 ஏப்ரல் முதல் ஜூன் வரை நீலகிரிக்கு வார நாட்களில் 6,000, வார இறுதியில் 8,000 வண்டிகளும், கொடைக்கானலுக்கு முறையே 4,000, 6,000 வண்டிகளும் என்று வரம்பு விதிக்கப்பட்டது. அரசுப் பேருந்துகளிலும் இரயிலிலும் சென்றோருக்கு இந்த வரம்பு பொருந்தவில்லை.

இதன் தேவையைக் காசிமேட்டு மீன்பிடித் துறைமுகத்தோடு ஒப்பிட்டுப் புரிந்துகொள்ளலாம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் அங்கே விசைப்படகுகள் கடலுக்குச் செல்வதில்லை. மீன்கள் இனப்பெருக்கம் செய்யக் கடலுக்கு அந்த ஓய்வு தரப்படுகிறது. அதே மாதங்களில்தான் மலைகள் மிகுதியான சுமையைத் தாங்குகின்றன.

காட்டுத்தீ

2018 மார்ச் 11-இல் தேனி மாவட்டம் குரங்கணி மலையில் காட்டுத்தீயில் சிக்கி, மலையேற்றம் சென்ற 20-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். காய்ந்த புல்வெளியில் காற்றோடு பரவும் தீ, சரிவில் மேல்நோக்கி மிக விரைவாக ஏறும். இந்நிகழ்வுக்குப் பின் மலையேற்றத்துக்கு அரசு தனி விதிகளை வகுத்தது. வனத்துறை அனுமதியும் வழிகாட்டியும் இன்றிக் காட்டுக்குள் செல்லக்கூடாது.

கடிக்கும் சிற்றுயிர்கள்

மலைக்காட்டில் கடிக்கும் எல்லாவற்றையும் பூச்சி என்றே சொல்வது வழக்கம். ஆனால் அட்டை மண்புழுவின் உறவினம். உண்ணி சிலந்தியின் உறவினம்.

அட்டை: வறண்ட நாட்களில் மறைந்திருந்து, கோடை மழை பெய்ததும் ஈரமான சோலைகளில் வெளிவரும். இதன் உமிழ்நீர் இரத்தம் உறைவதைத் தடுப்பதால், அட்டை விழுந்த பின்னும் சிறிது நேரம் இரத்தம் கசியும். தீயால் சுடுவதும் உப்பைக் கொட்டுவதும் நல்லதல்ல. அட்டை தன் வயிற்றில் உள்ளதைக் காயத்திலேயே கக்கக்கூடும். நகத்தால் பக்கவாட்டில் நெம்பி எடுத்து, சோப்புப் போட்டுக் கழுவி, துணியால் அழுத்திப் பிடித்தால் போதும்.

உண்ணி: தோலை ஒட்டி இடுக்கியால் பிடித்து நேராக இழுத்து எடுக்க வேண்டும். விரலால் நசுக்கக்கூடாது. 1957-இல் கர்நாடகத்தின் கியாசனூர் காட்டுப்பகுதியில் கண்டறியப்பட்ட குரங்குக் காய்ச்சல் உண்ணிகளால் பரவுகிறது. குரங்குகள் இறந்து கிடக்கும் இடங்களுக்கு அருகில் செல்லாமல் வனத்துறைக்குத் தெரிவிக்க வேண்டும்.

புதர்ச் சிற்றுண்ணி: இதன் இளம் பருவம் கண்ணுக்கு எளிதில் தெரியாது; கடித்தாலும் வலிக்காது. ஸ்க்ரப் டைபஸ் என்னும் காய்ச்சலை இதுவே பரப்புகிறது.

மலைத்தேனீ: பாறை முகடுகளிலும் உயர்ந்த மரங்களிலும் கூடு கட்டும். புகை, கல்லெறிதல் போன்றவற்றால் கலைந்தால் கூட்டமாகத் தாக்கும். 2025 ஏப்ரலில் கூடலூர் அருகே ஊசிமலையில் கேரளச் சுற்றுலாப் பயணி ஒருவர் தேனீக்கள் கொட்டி உயிரிழந்தார்.

முழுக்கைச் சட்டை, காலுறைக்குள் செருகிய கால்சட்டை, பூச்சி விரட்டிக் களிம்பு ஆகியவை பாதுகாப்பு தரும். புல்லில் நேரடியாக உட்காருவதும், கழற்றிய துணிகளைப் புதர்மேல் போடுவதும் தவிர்க்கப்பட வேண்டும்.

வீடு திரும்பிய பின்

ஸ்க்ரப் டைபஸ் பெரும்பாலும் கடித்துப் பத்து நாட்கள் வாக்கில்தான் தொடங்கும். அதற்குள் பயணி ராயபுரத்திலோ திருவொற்றியூரிலோ தன் வீட்டில் இருப்பார். காய்ச்சல், தலைவலி, உடல்வலி ஆகியவை டெங்கு போலவே தோன்றுவதால் மலைப்பயணம் நினைவுக்கு வராமல் போகலாம். அக்குள், இடுப்பு, தொடை இடுக்கு போன்ற மறைவான இடங்களில் சிகரெட் சுட்டது போன்ற கருமையான பொருக்கு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். எல்லாருக்கும் அது தோன்றுவதில்லை. ஆகவே எங்கே, எப்போது சென்று வந்தோம் என்பதை மருத்துவரிடம் சொல்வது மிக முக்கியம். உரிய நேரத்தில் டாக்சிசைக்ளின் போன்ற எளிய மருந்தால் இந்நோய் குணமாகும்; காலம் தாழ்த்தினால் நுரையீரலையும் சிறுநீரகத்தையும் மூளையையும் பாதித்து உயிரையே பறிக்கக்கூடும்.