68 எழுத்தில் ஒரு பொய் வைரஸ்

அமெரிக்க மிஷன் மருத்துவர் ஜோன் ஸ்கடர் 1820-இல் யாழ்ப்பாணத்துப் பண்டத்தரிப்புக்கு வந்து வைத்தியம் பார்க்கத் தொடங்கினார். நோயோடு போராடிய நீண்ட நினைவுள்ள இந்த ஊருக்குள் இன்று வேறொரு வைரஸ் பென்ரைவில் ஏறி வருகிறது. கடைக் கணினியில் செருகிப் பிரதி எடுத்த பென்ரைவையே பிள்ளை வீட்டுக் கணினியிலும் செருகுகிறது. 'அன்ரிவைரஸ் இருக்குத்தானே' என்று வீட்டார் நிம்மதியாக இருக்கிறார்கள். அது விழித்திருக்கிறதா என்று சோதித்தவர்கள் மிகச் சிலரே.

சோதிக்க நிஜ வைரஸ் தேவையில்லை. ஐரோப்பாவின் ஐகார் அமைப்பு இதற்கென்றே 68 எழுத்துகள் கொண்ட ஒரு வரியைத் தந்திருக்கிறது. அது யாருக்கும் தீங்கு செய்யாது. ஆனாலும் அதை வைரஸாகவே நடத்துவதென்று அன்ரிவைரஸ் நிறுவனங்கள் தங்களுக்குள் உடன்பட்டுள்ளன. நோட்பேடில் அந்த வரியை ஒட்டிச் சேமித்தால் திரையின் மூலையில் எச்சரிக்கை எழும். கோப்பு காணாமற் போகும். அப்படி நடக்கவில்லை என்றால் காவலாளி உறங்குகிறான். அடுத்து அதையே சிப் கோப்பாகச் சுருக்கி, அதை மறுபடியும் சுருக்கிப் பாருங்கள். இரண்டு உறைக்குள் இருப்பதைப் பல மென்பொருள்கள் திறக்கும்போதுதான் பிடிக்கும்.

இந்த வரி காவலாளி விழித்திருப்பதை மட்டுமே காட்டும். அவனுடைய திறமையை நிஜ வைரஸால் அளக்க மெய்நிகர் கணினி வேண்டும். வேர்ச்சுவல்பொக்ஸ் போன்ற இலவச மென்பொருள், நம் கணினிக்குள்ளேயே தனி விண்டோஸ், தனி வன்தட்டு என்று இன்னொரு கணினியை எழுப்பித் தருகிறது. அதன் அப்போதைய நிலையை ஸ்னாப்ஷொட்டாகப் பிடித்து வைக்கலாம்; சோதனையில் அது நாசமானாலும் ஒரு சொடுக்கில் பழைய நிலைக்குத் திரும்பலாம். இங்கேதான் பலர் தவறுகிறார்கள். பின்னோக்கிப் போகும்போது அன்ரிவைரஸின் வைரஸ் பட்டியலும் பழையதாகிவிடும். அதை முதலில் புதுப்பிக்காமல் சோதித்தால் வரும் முடிவு பயனற்றது. புதுப்பித்த கையோடு பொதுக் கோப்புறை, கிளிப்போர்ட், இணையம் மூன்றையும் துண்டித்துவிட வேண்டும்.

வைரஸ் எழுதுகிறவர்களுக்கும் இந்த மெய்நிகர்க் கூடு தெரியும். 2017 மே 12 அன்று உலகைக் குலுக்கிய வான்னாகிரை என்ற வைரஸ், பதிவாகாத ஓர் இணைய முகவரியைத் தேடிப் பார்த்தது. சோதனைக்கூடங்கள் எந்த முகவரிக்கும் பதில் சொல்லும்படி அமைக்கப்படுவதுண்டு. எனவே பதில் வந்தால் அது தன் வேலையை நிறுத்திக்கொண்டது. மார்கஸ் ஹட்சின்ஸ் என்ற பிரித்தானிய இளைஞர் ஏறத்தாழ 10 டொலருக்கு அந்த முகவரியைப் பதிவு செய்தார், பரவல் அடங்கியது. ஆய்வாளர்களை ஏமாற்ற வைத்த பொறியில் வைரஸே விழுந்தது என்பது அவர் தந்த விளக்கம்.

கூடும் முழுக்கப் பத்திரமானதல்ல. 2015-இல் வெளிவந்த வெனம் என்ற குறை, யாரும் பயன்படுத்தாத பிளொப்பித் தட்டுக்கான பழைய நிரல் வழியே மெய்நிகர் கணினியைத் தாண்டி வெளியேற இடம் கொடுத்தது. ஆகவே அலுவலகக் கணக்குகள் உள்ள கணினியில் நிஜ வைரஸைத் தொடவே கூடாது.

எனக்கு இதைவிடப் பெரிய கவலை ஒன்று உண்டு. 2023 ஓகஸ்டில் இலங்கை அரசின் கிளவுட் சேவையை, கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் ரான்சம்வேர் தாக்கியது. ஏறத்தாழ 5,000 அரச மின்னஞ்சல் முகவரிகளில் மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையான தரவுகள் தொலைந்தன. இணைப்பில் இருந்த காப்புப் பிரதியும் பூட்டப்பட்டது. துண்டித்து வைத்த பிரதி அந்தக் காலத்துக்கு இல்லை. மின்னஞ்சல் மென்பொருளோ 2013-ஆம் ஆண்டுப் பதிப்பு.

அன்ரிவைரஸைச் சோதிக்கும் நாளிலேயே மீட்சியையும் சோதியுங்கள். மெய்நிகர் கணினியில் உள்ள கோப்புகளை நீங்களே அழித்துவிட்டு, அலுமாரியில் தனியே வைத்த வன்தட்டிலிருந்து திருப்பி எடுத்துப் பாருங்கள். எல்லாக் கோப்பும் திறக்கிறதா என்று ஒவ்வொன்றாகப் பாருங்கள்.