ஊசி போடாத மாட்டு டாக்டர்

கைக்குழந்தை வைத்திருக்கும் தாய்மார்கள் ஒரு நிமிஷம் குழந்தையின் இடது தோளைப் பாருங்கள். பி.சி.ஜி. ஊசி போட்ட இடத்தில் சின்னதாக ஒரு தழும்பு இருக்கும். காசநோயிலிருந்து காப்பாற்றப் பிறந்தவுடன் போடுகிற ஊசி அது என்று எல்லோருக்கும் தெரியும். அதைக் கண்டுபிடித்த இருவரில் ஒருவர் மாட்டு டாக்டர் என்பது எத்தனை பேருக்குத் தெரியும்?

பிரான்ஸ் தேசத்தில் லில் என்று ஒரு நகரம். அங்கே கால்மெத் என்ற மருத்துவரும், கெரான் என்ற கால்நடை மருத்துவரும் 1908-ஆம் வருஷம் ஒரு வேலையை ஆரம்பித்தார்கள். பசுக்களுக்குக் காசநோய் உண்டாக்கும் கிருமியை எடுத்து, கிளிசரினும் மாட்டுப் பித்தநீரும் சேர்த்த உருளைக்கிழங்கில் வளர்த்தார்கள். மூன்று வாரத்துக்கு ஒரு முறை புது உருளைக்கிழங்குக்கு மாற்றுவார்கள். நடுவில் முதல் உலகப் போர் வந்து ஊரே ஜெர்மானியர் கைக்குப் போயிற்று. வேலை நிற்கவில்லை. 13 வருஷத்தில் 230 தடவை மாற்றினார்கள். கடைசியில் கிருமி உயிரோடு இருந்தது, நோய் உண்டாக்கும் வீரியம் மட்டும் போயிருந்தது.

1921-இல் பாரிசில் ஒரு குழந்தை பிறந்தது. தாய் காசநோயில் போய்விட்டாள். வளர்க்க இருந்த பாட்டிக்கும் அதே நோய். அந்தக் குழந்தைக்குத்தான் முதன்முதலில் இந்த மருந்தை வாய் வழியே கொடுத்தார்கள். நம் சென்னைக் கிண்டியில் இதைத் தயாரிக்க 1948-லேயே ஒரு கூடம் ஏற்பட்டது.

நான் படித்ததும் கெரான் செய்த இந்த மாதிரி வேலைக்கான படிப்புதான். கால்நடை மருத்துவத்தில் பட்டம் வாங்கியபின், நுண்ணுயிரியலில் மேற்படிப்பு. சமீபத்தில் மாடி வீட்டு அக்கா என்னிடம் வந்து ஆதங்கமாகக் கேட்டார்.

"ஏம்மா, எம் பொண்ணு அஞ்சரை வருஷம் படிச்சு டாக்டராயிட்டா. ஒரு ஆஸ்பத்திரியில வேலைக்கும் கூப்பிடறாங்க. நல்ல எடத்துல வரனும் வந்திருக்கு. இவ என்னடான்னா இன்னும் ரெண்டு வருஷம் லேப்ல உக்காந்து படிக்கணுங்கறா. ஊசி போடாத டாக்டரா இருந்து என்ன பிரயோஜனம்?"

அக்காவைப் போல வேறு தாய்மார்களும் யோசித்துக் கொண்டிருக்கலாம். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

என்ன படிக்கிறார்கள்?

பிளஸ் டூ முடித்து பி.வி.எஸ்ஸி. சேர்ந்தால், ஒரு வருஷப் பயிற்சியையும் சேர்த்து ஐந்தரை வருஷம். அதன்பின் எம்.வி.எஸ்ஸி. இரண்டு வருஷம். அதற்கும் மேலே போக நினைத்தால் பி.எச்டி., குறைந்தது மூன்று வருஷம்.

எம்.வி.எஸ்ஸி.யில் அறுவை சிகிச்சை, சினைப் பராமரிப்பு போன்ற பிரிவுகளில் நோயாளி மாடு, நாயோடுதான் பொழுது போகும். இன்னொரு பக்கம் நுண்ணுயிரியல், நோய்க்குறியியல், மருந்தியல், ஒட்டுண்ணியியல், உயிர்த்தொழில்நுட்பம், பொதுச் சுகாதாரம் என்று பிரிவுகள் இருக்கின்றன. நோய் எப்படி வருகிறது, மருந்து உடம்புக்குள் என்ன செய்கிறது, தடுப்பூசியை எப்படிச் செய்வது என்பதெல்லாம் இங்கே பாடம். முதல் வருஷம் பாடங்களே ஜாஸ்தி. அதன்பின் ஒரு பேராசிரியரின் வழிகாட்டுதலில் சொந்தமாக ஓர் ஆராய்ச்சி செய்து, ஆய்வேடு எழுதி, கேள்விகளுக்குப் பதில் சொல்லித் தேற வேண்டும்.

நான் எடுத்துக் கொண்டது மடிநோய். கறவை மாட்டின் மடியில் கிருமி சேர்ந்து வீங்கிப் போகிற நோய். விடியற்காலை மாட்டுக் கொட்டகைக்குப் போவேன். நாலு குழியுள்ள தட்டில் நாலு காம்புப் பாலையும் தனித்தனியாகக் கறந்து, சோப்புத் தண்ணீர் மாதிரி ஒரு திரவத்தைச் சேர்த்துச் சுழற்றினால், நோயுள்ள காம்பின் பால் கூழாகத் திரளும். வெளிக்குப் பால் வெள்ளையாக, நன்றாகவே இருக்கும்!

அந்தப் பாலில் ஒரு துளியை ரத்தம் கலந்த தட்டில் தடவி, 37 டிகிரி சூட்டில் ஒரு நாள் வைத்தால் கிருமிகள் புள்ளி புள்ளியாக முளைக்கும். பிறகு கிருமி தடவிய வேறு தட்டில் மருந்து தோய்ந்த சின்ன வில்லைகளை வைப்போம். மருந்து கேட்கிற கிருமியானால் வில்லையைச் சுற்றித் தெளிவாக ஒரு வட்டம் விழும். கேட்காத கிருமி வில்லையை ஒட்டியே வளர்ந்து நிற்கும். பசுவின் மடியிலிருக்கிற கிருமிகளில் சில மனிதருக்கும் சீழ்க்கட்டி, காய்ச்சல் உண்டாக்கக் கூடியவை. அவை மருந்துக்கு அடங்காமல் போனால் கஷ்டப்படப் போவது மாடு மட்டுமா?

தயிர் தோயவில்லையா?

சில நாள் என்ன செய்தாலும் பால் தோயாது. குளிர், பழைய உறை என்று காரணங்கள் பல. ஆனால் மடிநோய்க்கு ஊசி போட்ட மாட்டின் பாலை, மருந்து வெளியேறுவதற்கு முன்பே கறந்து விற்றாலும் இப்படி ஆகலாம். பாலில் தங்கிய மருந்து, தயிராக்கும் நல்ல கிருமியையும் வளர விடாது.

இதே சங்கதிதான் ஆய்வுக்கூடத்தில் ஒரு பரிசோதனை. ஊதா நிறக் கூழில் ஒரு கிருமியை வைத்திருப்பார்கள். அதில் கொஞ்சம் பாலை விட்டு, 64 டிகிரி சூட்டில் சுமார் மூன்று மணி நேரம் வைப்பார்கள். கிருமி வளர்ந்து புளிப்பு உண்டானால் கூழ் மஞ்சளாகும். ஊதாவாகவே நின்றால் பாலில் மருந்து இருக்கிறது என்று சந்தேகப்பட வேண்டும்.

பாலைப் பொங்கக் காய்ச்சினால் காசநோய்க் கிருமியும், கருச்சிதைவு நோயான புருசெல்லாவின் கிருமியும் செத்துப் போகும். ஆகவே பச்சைப் பால் யாருக்குமே வேண்டாம், கர்ப்பிணிகளுக்குக் கட்டாயம் கூடாது. மருந்துகள் விஷயம் வேறு. காய்ச்சினாலும் அவற்றில் பல முழுக்கப் போகாது. வீட்டு வாசலில் கறந்து ஊற்றுபவரானால், "மாட்டுக்கு ஊசி போட்டா, டாக்டர் சொன்ன நாள் வரைக்கும் அந்தப் பாலை ஊத்தாதீங்க" என்று பதமாகச் சொல்லி வையுங்கள்.

"பாவம் இல்லையா?"

எலி, முயலை வைத்துச் சோதனை செய்வது பாவமில்லையா என்று கேட்கிறவர்கள் உண்டு. நியாயமான கேள்வி. 1959-இல் ரஸ்ஸல், பர்ச் என்ற இருவர் எழுதி வைத்த மூன்று விதிகள்தான் இன்றும் வழிகாட்டி. பிராணி இல்லாமல் முடியுமானால் அப்படியே செய்ய வேண்டும். முடியாவிட்டால் எண்ணிக்கையைக் குறைக்க வேண்டும். வலியையும் குறைக்க வேண்டும். நம் நாட்டில் நெறிமுறைக் குழு அனுமதிக்காமல் ஆய்வுப் பிராணிகளிடம் சோதனையைத் தொடங்க முடியாது. என் ஆராய்ச்சிக்குக் கறந்த பாலே போதுமாக இருந்தது.

ஆபத்து இருக்கிறதா என்றால், கவனம் வேண்டும் என்பேன். வெறிநாய்க்கடிக்கு முன்கூட்டியே தடுப்பூசி, கையுறை, கிருமி வெளியே வராத கண்ணாடி அறை எல்லாம் உண்டு. கர்ப்பமான மாணவி உடனே வழிகாட்டியிடம் சொல்லி, புருசெல்லா போன்ற கிருமிகளையும் ஃபார்மலினையும் தொடாத வேலைக்கு மாறிக்கொள்ள வேண்டும். இதில் கூச்சமே கூடாது.

நம் பெண்களுக்கு

1903-இல் ஆரம்பித்த சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரியில் 1952-இல் பட்டம் பெற்ற சக்குபாய் ராமச்சந்திரனை, இந்தியாவின் முதல் பெண் கால்நடை மருத்துவர் என்று குறிப்பிடுகிறார்கள். 1989-இல் கால்நடைக்கென்றே தனிப் பல்கலைக் கழகமும் இங்கே வந்துவிட்டது. இன்று ஆய்வுக்கூடங்களில் பெண்கள் சர்வ சாதாரணம்.

மாட்டு வெக்கை நோயை உங்கள் பாட்டிமார்களுக்குத் தெரிந்திருக்கும். கொட்டகை கொட்டகையாக மாடுகளை வாரிக்கொண்டு போன நோய். 2011-இல் அது உலகத்தை விட்டே ஒழிந்ததாக அறிவித்தார்கள். ஊர் ஊராகப் போய் ஊசி போட்டவர்களுக்குப் பெரிய பங்கு உண்டு. அந்த ஊசியை ஆய்வுக்கூடத்தில் உட்கார்ந்து செய்தவர்களுக்கும் அதே பங்கு உண்டு.

அக்காவிடம் இதையெல்லாம் சொன்னேன். அதோடு சில காரியங்களும் சொன்னேன். நுழைவுத் தேர்வில் மேல் வரிசையில் தேறினால் உதவித்தொகை கிடைக்கும். முடித்தவர்களுக்கு ராணிப்பேட்டையில் இருப்பது போன்ற தடுப்பூசி நிலையங்கள், மருந்துக் கம்பெனிகள், உணவுப் பரிசோதனைக் கூடங்கள், கல்லூரிகள் என்று வழிகள் உண்டு. பிரிவைத் தேர்ந்தெடுக்கும் முன், அங்கே படிக்கிற மாணவிகளிடம் போய், வழிகாட்டி எப்படி, விடுதி எப்படி, ராத்திரி லேபிலிருந்து திரும்பப் பாதுகாப்பு உண்டா என்று விசாரிக்க வேண்டும். வரன் பேசுகிற போது படிப்பை மறைக்காமல், முதல் பேச்சிலேயே சொல்லிவிட வேண்டும்.

இதை அனுபவத்தில்தான் சொல்கிறேன். நான் பி.எச்டி. படித்த போது கையில் எட்டு மாசக் குழந்தை. நேற்று வைத்த தட்டை இன்று அதே நேரத்துக்குப் பார்த்தாக வேண்டும். ஞாயிற்றுக்கிழமை என்று கிருமி காத்திருக்காது! "நீ போய்ட்டு வாம்மா, நான் பாத்துக்கறேன்" என்று என் மாமியார் சொன்ன அந்த ஒரு வார்த்தைதான் என்னைப் பட்டம் வாங்க வைத்தது.

உங்கள் பெண்ணோ மருமகளோ மேலே படிக்கக் கேட்டால், அவளுக்குத் தேவைப்படுவதும் அந்த வார்த்தைதான். கொஞ்சம் யோசித்து, மனசாரச் சொல்லுங்கள்.