ஒரே வீடு, பல அடுப்பு! கம்ப்யூட்டருக்குள் ஒரு செட்டிநாட்டு வளவு

காரைக்குடி பக்கம், நேமத்தான்பட்டி மாதிரி நகரத்தார் ஊர்களில் பழைய பெரிய வீட்டுக்குள் போயிருக்கிறீர்களா? முகப்பைத் தாண்டினால் வளவு. நடுவில் வானம் பார்த்த முற்றம், சுற்றிலும் அறைகள். அந்தக் காலத்தில் மகனுக்குக் கல்யாணம் ஆனதும் அந்தத் தம்பதிக்கு ஓர் அறை, தனி அடுப்பு, வருஷத்துக்கான அரிசி, பருப்பு எல்லாம் கொடுத்துவிடுவார்கள். இதற்கு ‘வேறு வைப்பது’ என்று பெயர். வீடு ஒன்றுதான், கணக்கு தனி. ஒவ்வொரு தம்பதியும் ஒரு ‘புள்ளி’.

உங்கள் வீட்டுப் பிள்ளை லேப்டாப்பில் ‘விர்ச்சுவல் மெஷின்’ போட்டிருப்பதாகச் சொன்னால் பயப்பட வேண்டாம். அதுவும் வேறு வைப்பதுதான். விண்டோஸ் ஓடும் அதே லேப்டாப்புக்குள், லினக்ஸுக்குத் தனியாக ஓர் அறை. ஐ.பி.எம். நிறுவனம் 1972-லேயே தன் பெரிய கம்ப்யூட்டர்களுக்கு இப்படி ஓர் ஏற்பாட்டை வெளியிட்டது. இன்று ‘கிளவுட்’ என்கிறோமே, அதற்கு அஸ்திவாரமே இதுதான்.

பாகம் பிரிப்பது யார்?

பவர் பட்டனை அழுத்தியதும் முதலில் எழுந்திருப்பது விண்டோஸோ லினக்ஸோ அல்ல, ஃபர்ம்வேர். பயாஸ் என்று கேள்விப்பட்டிருப்பீர்கள், அதுதான். வீட்டுப் பெரியவர் மாதிரி அது கிராபிக்ஸ் கார்டு, நெட்வொர்க் கார்டு என்று ஒவ்வொன்றையும் கூப்பிட்டு, ‘உனக்கு எவ்வளவு இடம் வேண்டும்?’ என்று கேட்கும். ஆளுக்கொரு முகவரி ஒதுக்கும். ரேமில் எது காலி, எதைத் தொடக்கூடாது என்று பட்டியல் போட்டு, அதை ஆபரேட்டிங் சிஸ்டத்திடம் கொடுத்துவிட்டு ஒதுங்கிக்கொள்ளும்.

பட்டியலைப் பெரும்பாலும் ஆபரேட்டிங் சிஸ்டம் அப்படியே ஏற்றுக்கொள்ளும். ஒதுக்கியது போதவில்லை, தப்பாக இருக்கிறது என்றால், மாற்றி அமைக்கவும் பார்க்கும். ஆனால் பெரியவர் போட்ட எல்லைக்குள்தான்.

விர்ச்சுவல் மெஷினுக்குள்ளும் இதே கதைதான். அங்கேயும் ஒரு குட்டி ஃபர்ம்வேர் எழுந்து, பாகம் பிரித்து, சாவியை லினக்ஸிடம் கொடுக்கும். முழு வீடும் தன்னுடையது என்றே அது நினைத்துக்கொண்டிருக்கும். உண்மையில் அது இருப்பது ஓர் அறையில். வீட்டையே நிர்வகிப்பது ‘ஹைப்பர்வைசர்’ என்ற மேல் பெரியவர்.

4 ஜி.பி. எங்கே போச்சு?

பழைய 32-பிட் விண்டோஸ் கம்ப்யூட்டரில் 4 ஜி.பி. ரேம் போட்டால் 3 ஜி.பி. சொச்சம்தான் காட்டும். ‘கடைக்காரர் ஏமாற்றிவிட்டார்’ என்று சண்டைக்குப் போனவர்கள் உண்டு. பாவம், அவர் மேல் தப்பில்லை. 32-பிட் என்றால் மொத்த முகவரிகளே 4 ஜி.பி. அளவுக்குத்தான். அதற்குள்தான் கார்டுகளுக்கும் ஃபர்ம்வேர் முகவரி கொடுக்க வேண்டும். அந்த இடத்தில் ரேமுக்கு முகவரி இல்லை.

க்யூ.இ.எம்.யு. என்ற விர்ச்சுவல் மெஷின் மென்பொருளின் பழைய பி.சி. மாதிரியில் 4 ஜி.பி. கொடுத்தால், 3 ஜி.பி. கீழே, மீதி 1 ஜி.பி. அந்த 4 ஜி.பி. கோட்டுக்கு மேலே என்று பிரித்து வைப்பார்கள். 64-பிட் சிஸ்டம் மேலே ஏறி எடுத்துக்கொள்ளும். சாதாரண 32-பிட் சிஸ்டத்துக்கு மாடிப்படி தெரியாது!

ஏ.ஐ. படிக்கும் பிள்ளைகளுக்கு வரும் தலைவலியும் இதுதான். நிஜ கிராபிக்ஸ் கார்டை விர்ச்சுவல் மெஷினுக்குக் கொடுப்பார்கள். 8 ஜி.பி., 16 ஜி.பி. என்று அது கேட்கும் முகவரி இடம் கோட்டுக்குக் கீழே கிடைக்காது. மேலே இடம் திறந்துவிட வேண்டியது ஃபர்ம்வேர். அது செய்யாவிட்டால், விண்டோஸ் ‘கோட் 12’ என்று கைவிரித்துவிடும். இடம் போதவில்லை என்று அர்த்தம். கார்டு பழுதில்லை, பாகம்தான் சரியாகப் பிரியவில்லை.

நீங்கள் கவனிக்க வேண்டியது

* புது லேப்டாப்பில் ரேம் குறைவாகத் தெரிகிறதா? டாஸ்க் மேனேஜரில் ‘பெர்ஃபார்மன்ஸ்’, அதில் ‘மெமரி’ போய், ‘ஹார்டுவேர் ரிசர்வ்டு’ என்ற வரியைப் பாருங்கள். கிராபிக்ஸ் போன்றவற்றுக்காக ஒதுக்கியது அங்கே தெரியும். போனிலும் மோடம், பாதுகாப்பு வேலைகளுக்காக ரேமில் கொஞ்சம் தனியே ஒதுங்கியிருக்கும்.

* 8 ஜி.பி. லேப்டாப்பில் விர்ச்சுவல் மெஷினுக்கு 4 ஜி.பி.க்கு மேல் கொடுக்க வேண்டாம். விர்ச்சுவல் பாக்ஸில் பச்சை, சிவப்பு கோடு இருக்கும், பச்சையைத் தாண்டாதீர்கள். ரேம் தீர்ந்தால், லினக்ஸ் அதிகம் தின்னும் ப்ரோகிராமை அப்படியே நிறுத்திவிடும். பல நேரம் அது விர்ச்சுவல் மெஷினாகவே இருக்கும். ராத்திரி முழுக்கச் செய்த ப்ராஜெக்ட், சேமிக்காமல் விட்டிருந்தால், அதோடு போய்விடும்.

* ஒதுக்கீட்டை மாற்றும் முன் விர்ச்சுவல் மெஷினை முறையாக ஷட் டவுன் செய்யுங்கள். ஃபர்ம்வேர் பாகம் பிரிப்பது எழுந்திருக்கும்போதுதான்.

வளவைச் சுற்றி எத்தனை அறை இருந்தாலும், கல்யாணம் என்று எல்லாப் புள்ளிகளும் ஒரே நாளில் வந்து இறங்கினால் இடம் நெருக்கடிதான். அதைத் தெரிந்து பிரித்து வைத்தார்கள் பெரியவர்கள். லேப்டாப்பில் அந்தப் பெரியவர் வேலை பாதி ஃபர்ம்வேருக்கு. மீதி உங்கள் வீட்டுப் பிள்ளைக்கு.