டீசல் உறைவது ஏன்? வண்டியைக் காப்பது எப்படி?

தெற்கே பனச்சமூட்டில் மார்கழி விடியலில் தேங்காய் எண்ணெய் புட்டியினுள் உறைந்துவிட்டால், அதைச் சற்று வெயிலில் வைப்பதோடு காரியம் முடிந்துவிடுகிறது. ஆனால் லடாக்கின் திராஸிலோ லேயிலோ, உஷ்ணமானி பூஜ்யத்துக்குக் கீழே 20, 25 டிகிரி இறங்கிய இரவில், லாரியின் டாங்கியிலுள்ள டீசலும் அவ்வாறே திரண்டுவிடுமாயின் டிரைவரின் கதி என்ன?

டீசலில் இயல்பாகவே கலந்துள்ள மெழுகுச் சத்து, குளிர் மிகுந்தவுடன் நுண்ணிய ஸ்படிகங்களாகப் பிரிந்து, முதலில் ஃபில்டரின் துவாரங்களை அடைத்து, எஞ்சினுக்கு எரிபொருள் செல்லவொட்டாமல் தடுக்கிறது. அதே வேளையில் பாட்டரியின் ரசாயனக் கிரியையும் மந்தமாகி, பூஜ்யத்துக்குக் கீழ் 18 டிகிரியில் அதன் திறன் ஏறத்தாழப் பாதியாகிறது. தடித்துப்போன எஞ்சின் ஆயிலோ முன்னிலும் அதிக பலத்தைக் கேட்கிறது! ரேடியேட்டரில் வெறும் தண்ணீர் இருந்தால் அது உறையும்போது சுமார் 9 சதவீதம் விரிந்து எஞ்சினையே பிளந்துவிடக்கூடும். கிளைக்கால் கலந்த கூலண்டு இதற்குப் பரிகாரம்.

டாங்கிக்கு அடியில் நெருப்பு மூட்டுவதைச் சிலர் சாமர்த்தியம் என்கின்றனர். விபரீதம் என்பதே என் அபிப்பிராயம். 2019 நவம்பரில் இந்தியன் ஆயில் நிறுவனம், பூஜ்யத்துக்குக் கீழ் 33 டிகிரி வரை இளகிய நிலை மாறாத குளிர்கால டீசலைப் பானிப்பட் ஆலையில் தயாரித்து லடாக்குக்கு அனுப்பத் தொடங்கியது. வடக்கே வண்டியோட்டிச் செல்லும் நம்மவர்கள், சமவெளி டீசலோடு மலையேறாமல், அந்தக் குளிர்கால டீசலை முன்கூட்டியே நிரப்பிக்கொள்வார்களாக; உறைந்தபின் ஊற்றிப் பயனில்லை.