முகமும் பின்புலமும்

ஒருவரை எதிரே நிறுத்திப் படம் பிடித்தால், அவருக்குப் பின்னே உள்ள மரமும், சுவரும், கொடியில் உலரும் துணியும் படத்தில் வந்து சேர்கின்றன. அவை யாவும் முகத்தைப் போலவே தெளிவாக விளங்குமாயின், காண்போர் கண் முகத்தில் நிலைபெறாது அலையும். ஆதலின், முகத்தைத் தெளிவாகவும் பின்புலத்தை மங்கலாகவும் அமைக்கும் முறையைப் படக்கலைஞர் கைக்கொண்டுள்ளனர்.

இம்மங்கல் எங்ஙனம் உண்டாகிறது? காமிராவின் வில்லை, ஒரு குறிப்பிட்ட தொலைவில் உள்ள பொருளையே புள்ளிக்குப் புள்ளி தெளிவாகக் காட்டவல்லது. அத்தொலைவுக்கு முன்னும் பின்னும் உள்ள ஒவ்வொரு புள்ளியும் படத்தில் சிறு வட்டமாகப் பரவும். அவ்வட்டங்கள் ஒன்றன்மேல் ஒன்று படிவதே மங்கலாகத் தோன்றுகிறது. ஒளி புகும் துவாரம் அகன்றால் வட்டங்களும் அகலும். அது சுருங்கினால் அவையும் சுருங்கும். துவாரத்தைக் குறிக்கும் எண்களில் சிறிய எண்ணே பெரிய துவாரத்தைக் காட்டும். ஒரே வில்லையில், 2 என்னும் எண்ணுக்குரிய துவாரம் 4 என்பதற்குரியதைப் போல் இருமடங்கு விட்டமுடையது.

எனவே, துவாரத்தை அகலத் திறத்தல், படமெடுப்பவர் அருகே செல்லுதல், எடுக்கப்படுபவரைச் சுவரினின்று விலக்கி நிறுத்துதல் ஆகிய மூன்றும் பின்புலத்தை மங்கச் செய்யும். ஆயினும் அளவு கடத்தலாகாது. கடப்பின் ஒரு கண் தெளிந்து மறு கண் மங்கும். காமிராவுக்கு அருகிலுள்ள கண்ணிலேயே தெளிவை நிறுத்துதல் வேண்டும்.

எல்லாம் தெளிவாக இருப்பதே நல்ல படம் என்று முற்காலத்தில் பலர் கருதினர். 1815இல் கல்கத்தாவில் பிறந்த ஜூலியா மார்கரெட் காமரன் என்னும் ஆங்கில மாது, 1863இல், தம் 48ஆம் வயதில், மகளும் மருமகனும் அளித்த காமிராவைக் கொண்டு படம் பிடிக்கத் தொடங்கினார். அவர் படங்கள் மங்கலாக உள்ளன எனக் குறை கூறியோர் பலர். அவர் தளர்ந்தாரல்லர். 1867இல் அவர் எடுத்த வானநூலறிஞர் ஜான் ஹெர்ஷலின் படத்தில், இருளினின்று முகமும் நரைமுடியுமே ஒளிர்கின்றன. 1879இல் அவர் இலங்கையில் மறைந்தார். அவர் படங்கள் இன்றும் போற்றப்படுகின்றன.

இக்காலக் கைப்பேசி, கணக்கீட்டினால் முகத்தைப் பிரித்தறிந்து பின்புலத்தை மங்கச் செய்கிறது. சிற்சில வேளை தலைமுடியின் ஓரத்தையும் அது பின்புலமெனக் கொண்டு அழித்துவிடும். எதை மறைப்பது என்பதைக் கருவி அறியாது. குயவர் ஒருவரின் படத்தில் அவர்தம் சக்கரம் வெறும் பின்புலமன்று. அதுவும் அவர் வாழ்வே. அதனை மங்கச் செய்யாது காட்டுதலே அறிவுடைமை.